ஒரே ஹோலில் எல்லாரும்: திறந்த அலுவலகத்துக்குப் புதிதாக வருபவருக்கு

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ முதல் வேலைக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். நிதி நிறுவனம், காப்புறுதிக் கிளை, கணக்காய்வு அலுவலகம், தொண்டு நிறுவனம், நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் மென்பொருள் கம்பனி, எதுவானாலும் இடம் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, உள்ளே ஒன்றிரண்டு சுவரை இடித்து, நடு ஹோலில் மேசைகளைப் போட்டிருப்பார்கள். தரை டைல்ஸ், சுவர் வெறும் சீமெந்துப் பூச்சு, முன்பக்கம் கண்ணாடி. ஒருவருடைய பேனா கீழே விழுந்தால் பதினைந்து பேர் திரும்பிப் பார்க்கும் இடம்.

திறந்த அலுவலகம் என்ற யோசனை 1950களின் கடைசியில் ஜெர்மனியில் தொடங்கியது. அங்கே கம்பளம், செடித்தொட்டி, நகர்த்தக்கூடிய தடுப்பு எல்லாம் அந்த யோசனையோடு சேர்ந்தே இருந்தன. நமக்கு வந்து சேர்ந்தது மேசைகள் மட்டும்.

கீழே உள்ளவை முகாமையாளருக்கு எழுதியவை அல்ல. வந்து ஒரு மாதம்கூட ஆகாத, யாரையும் "சத்தம் போடாதீங்க" என்று சொல்லும் நிலையில் இல்லாத ஆளுக்கானவை. வரிசையாகச் செய்து பாருங்கள். ஹெட்போன் வாங்குவது கடைசிக்கு முந்திய படியில்தான் வரும், அதற்குக் காரணம் இருக்கிறது.

1. முதல் வாரம் கவனித்து எழுதுங்கள்

மேசையில் ஒரு துண்டுக் கடதாசி வைத்துக்கொள்ளுங்கள். வேலையிலிருந்து மனம் விலகும் ஒவ்வொரு தடவையும் எது விலக்கியது என்று ஒரு சொல் எழுதுங்கள். ஃபேன், கதவு, முன் மேசைக்கு வரும் போன் கோல், பாண் ஓட்டோ, ஆட்கள் நடமாட்டம், இப்படி. வாரக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் மூன்று வகை தெரியும்.

ஒன்று, நிற்காமல் ஒரே சீராக வரும் இரைச்சல்: ஃபேன், ஏசி, ஜெனரேட்டர், கூரைத் தகட்டில் விழும் மாரி மழை. இரண்டு, திடீரென்று வருவது: கதிரை இழுபடுவது, கதவு அறைவது, போன் மணி. மூன்று, பேச்சு.

மூன்றாவதுதான் முதல் இடத்தில் நிற்கும். அதில் பெரும்பாலும் சந்தேகமே வேண்டாம். உரத்த சத்தம்தான் குழப்பும் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் மேசை வேலைக்குச் சத்தத்தின் அளவு இரண்டாம் பட்சம். சொற்கள் விளங்குகின்றனவா என்பதே முக்கியம். அடையாள அட்டை இலக்கம் ஒன்றை மனதில் பிடித்துக்கொண்டு கணினியில் அடிக்கும்போது, பக்கத்து மேசைக்காரர் யாருக்கோ போன் நம்பர் சொன்னால் உங்கள் இலக்கம் பறந்துவிடும். அவர் மெதுவாகச் சொன்னாலும் பறக்கும். வரிசையாக நினைவில் வைக்கும் வேலையைத் தெரியாத மொழிப் பேச்சுகூடக் கெடுக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாசிப்பது, எழுதுவது போன்ற வேலைகளைத் தெரிந்த மொழி இன்னும் அதிகமாகக் கெடுக்கும். இதனால்தான் திறந்த அலுவலகங்களின் ஒலியை அளப்பதற்கு 2012இல் வந்த சர்வதேசத் தர ஆவணம், சத்தம் எத்தனை டெசிபெல் என்பதோடு நிற்காமல், ஒருவர் பேசுவது எத்தனை மீற்றர் தூரம் வரைக்கும் விளங்குகிறது என்றும் அளக்கச் சொல்கிறது.

பேச்சிலும் மோசமானது போன் பேச்சு. இரண்டு பேர் நேரே கதைத்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் காது அதை விட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் விடாது. "ஓம்... ஓம்... இல்லையே... எப்ப?" என்றால் மறுபக்கம் என்ன சொல்லியிருக்கும் என்று மூளை ஊகிக்கத் தொடங்கிவிடுகிறது. 2010இல் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். முழு உரையாடலைக் கேட்டவர்களைவிடப் பாதி உரையாடலைக் கேட்டவர்களே கவனம் தேவைப்படும் வேலையில் கூடுதலாகத் தடுமாறினார்கள்.

இதிலிருந்து ஒரு விசித்திரம் வருகிறது. ஃபேன் இரைகிறது என்று அதை நிறுத்தினால் அலுவலகம் அமைதியாகும், ஆனால் உங்கள் வேலை நடக்காது. அந்த இரைச்சல் பேச்சை மூடிக்கொண்டிருந்தது. நிறுத்தியதும் ஆறாவது மேசையில் சொல்வதுகூடத் தெளிவாக விளங்கும். வெளிநாடுகளில் இதற்கென்றே கூரையில் ஒலிபெருக்கி வைத்து மெல்லிய இரைச்சலை ஓட விடுகிறார்கள். நமக்கு அதை ஃபேன் இலவசமாகச் செய்கிறது. கடகடவென்று ஆடும் ஃபேன் வேறு விஷயம், அதைத் திருத்தத்தான் வேண்டும்.

போனில் ஒலி அளக்கும் செயலி இறக்கிப் பார்க்கலாம், ஆனால் அந்த எண்ணை வைத்துப் பெரிதாக வாதாட வேண்டாம். ஒரு மீற்றர் தூரத்தில் சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபெல். காதுக்கே கேடு என்று சொல்லும் எல்லை, நாளுக்கு 8 மணி நேரக் கணக்கில் 85. ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் மேசை இருந்தால் தவிர, அலுவலகத்தில் அந்த அளவு வராது.

2. முதலில் உங்கள் சத்தத்தைக் குறையுங்கள்

இது சின்ன வேலை, ஆனால் இதைச் செய்யாமல் அடுத்தவரிடம் போகக் கூடாது. போனை அதிர்வில் போட்டு மேசைப் பலகையிலோ கண்ணாடியிலோ வைத்தால் மணி அடிப்பதைவிடக் கேவலமாக இருக்கும். நோட்டுப் புத்தகத்தின் மேல் வையுங்கள். வட்ஸ்அப் குரல் செய்தியை ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், அனுப்பியவர் அம்மாவாக இருந்தாலும். கோல் பேச வயர் உள்ள சாதாரண ஹெட்செட் போதும். மைக் வாய்க்குக் கிட்ட இருந்தால் பாதிக் குரலில் பேசலாம். கதிரைக் காலுக்கு அடியில் பழைய துணியோ இறப்பரோ ஒட்டிவிடுங்கள். நீங்கள் ஒட்டியதைப் பார்த்து இன்னொருவர் கேட்பார். அப்போது அவருக்கும் ஒட்டிக் கொடுங்கள்.

3. இடம்

மேசையைத் தெரிவு செய்யும் உரிமை புதியவருக்குக் கிடைப்பது அரிது. என்றாலும் யாராவது விலகிப் போகும்போது ஒரு இடம் காலியாகும். அப்போது எதைக் கேட்பது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபெல் குறையும். டைல்ஸும் சீமெந்தும் கண்ணாடியும் உள்ள ஹோலில் அந்த அளவு குறையாது, பட்டுத் திரும்பி வந்துகொண்டே இருக்கும். ஆகவே வெறும் தூரத்தை மட்டும் நம்பாதீர்கள். பேசுகிறவருடைய வாய் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, நடுவில் அலுமாரி ஏதும் நிற்கிறதா என்று பாருங்கள். ஒருவருடைய முதுகுக்குப் பின்னால் இருப்பது அவருக்கு எதிரே இருப்பதைவிட நல்லது. கண்ணாடிச் சுவரை ஒட்டிய மூலை பார்க்க அழகு, பேச்செல்லாம் வந்து குவியும் இடமும் அதுதான். முன் மேசை, போட்டோக்கொப்பி மெஷின், தண்ணீர் ஃபில்டர், தேத்தண்ணி மேசை நாலுக்கும் விலகி இருங்கள். அங்கே நிற்பவர்கள் கதைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல ஏலாது, அது கதைக்கிற இடம்.

கண்ணுக்கும் ஓய்வு வேண்டும். வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் வருகிற ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்ப்பீர்கள். சுவரைப் பார்க்கிற இடம் சலிப்பாக இருக்கும், ஆனால் வேலை நகரும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னல் ஒரு சங்கடம். திறந்தால் வீதிச் சத்தமும் அனலும் தூசியும், மூடினால் உள்பேச்சு. நான் வீதிச் சத்தத்தைத்தான் எடுப்பேன். அது சொற்களாக வருவதில்லை, லொத்தர் விற்கும் ஒலிபெருக்கி வண்டி மட்டும் விதிவிலக்கு.

4. நாளையும் மாதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு ஓட்டம் இருக்கிறது. வெளிக்கள உத்தியோகத்தர்கள் காலையில் கையெழுத்துப் போட வருவார்கள், ஒரு மணி நேரம் ஹோல் சந்தையாகும், பிறகு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார்கள். பத்து மணிக்குத் தேத்தண்ணி. பின்னேரம் அவர்கள் திரும்பும்போது மறுபடி சந்தை. நடுவில் உள்ள அமைதியை மின்னஞ்சல் பார்ப்பதில் கரைத்துவிடாதீர்கள். கணக்குச் சரிபார்ப்பது, அறிக்கை எழுதுவது மாதிரித் தலை தேவைப்படும் வேலையை அங்கே வையுங்கள். சந்தை நேரத்துக்குக் கோப்பு அடுக்குவது, வவுச்சர் ஒட்டுவது, ஸ்கேன் செய்வது.

கல்முனை, காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருதுப் பக்கம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் ஹோலில் பாதி காலியாகும். நீங்கள் இருக்கிறவர்களில் ஒருவரானால் வாரத்திலேயே மிக நல்ல நேரம் அது. நீங்கள் தொழுகைக்குப் போகிறவரானால், இதே மாதிரி அமைதி கோயில் திருவிழாக் காலத்தில் உங்களுக்குக் கிடைக்கும். மற்ற ஆட்கள் லீவு போட்டிருப்பார்கள்.

மாதக் கணக்கும் உண்டு. வருடத் தொடக்கத்தில் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகள். பக்கத்தில் பாடசாலை இருந்தால் பாண்ட் பயிற்சி நாள்கணக்காகப் போகும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசையை ஒட்டி மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் திருவிழா. ஒலிபெருக்கி கட்டியிருக்கும் வீதியில் உங்கள் அலுவலகம் இருந்தால் கொழும்போடு முக்கியமான சூம் கூட்டத்தை அந்த நாட்களில் வைக்காதீர்கள். ஐப்பசிக்குப் பிறகு மழை. தகட்டுக் கூரைக்குக் கீழே மழை பிடித்துக்கொண்டால் கோலில் ஒன்றும் கேட்காது, ஆனால் எழுதுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

5. ஆட்களிடம் சொல்வது

இதுதான் கஷ்டமான படி. பலர் இதைத் தாண்டிக் குதித்து நேரே ஹெட்போனுக்குப் போய்விடுகிறார்கள்.

சத்தமாகப் பேசுகிறவர் பெரும்பாலும் உங்களைவிட மூத்தவர். அவருக்குத் தான் சத்தமாகப் பேசுவதே தெரியாது. இதற்கு உடம்பில் ஒரு காரணம் இருக்கிறது. சுற்றி இரைச்சல் கூடினால் மனிதர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார். பிரான்சில் எத்தியென் லொம்பார்ட் என்ற காது மருத்துவர் 1911இல் இதை எழுதிவைத்தார், இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. ஒருவர் உயர்த்த, அடுத்தவர் அதைவிட உயர்த்த, பதினொரு மணிக்கு ஹோலே ஒரு சுருதி மேலே போயிருக்கும். ஆகவே "மெதுவாப் பேசுங்க" என்று சொன்னால் ஐந்து நிமிடம் நிற்கும், பிறகு பழையபடி. அவர் ஏன் கத்துகிறார் என்று பாருங்கள். மறுமுனையில் கேட்கவில்லை என்றால் சிக்னல் பிரச்சினை. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஆட்களோடு பேசுகிறவர்களுக்கு அடிக்கடி நடப்பது இது. அப்போது சொல்ல வேண்டியது வேறு:

"நானா, விறாந்தைப் பக்கம் சிக்னல் நல்லா இரிக்கி. அங்க நிண்டு கதைச்சா அவங்களுக்கும் தெளிவாக் கேக்கும்."

இதில் முறைப்பாடு இல்லை, அவருக்கு ஒரு உதவி இருக்கிறது. அடுத்த நாள் அவராகவே எழும்பிப் போவார்.

வேண்டுகோள்தான் வைக்க வேண்டும் என்றால் நேர எல்லை வைத்துக் கேளுங்கள். எல்லை இல்லாத வேண்டுகோள் "நீங்க எப்பவும் சத்தம்" என்று காதில் விழும்.

"அண்ணன், இந்தச் சம்பளக் கணக்கப் பதினொரு மணிக்குள்ள குடுக்கணும். அதுவரைக்கும் கொஞ்சம் மெதுவாக் கதைச்சீங்கண்டா பெரிய உதவியா இரிக்கும்."

பதினொரு மணிக்கு முடிந்ததும் போய் "முடிஞ்சிது அண்ணன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அடுத்த தடவை விட்டுக்கொடுப்பார். பலர் முன்னால் இதைக் கேட்கவே கூடாது. சிரித்துக்கொண்டு கேட்டாலும் கூடாது. வட்ஸ்அப் குழுவில் "அலுவலகத்தில் அமைதி காப்போம்" என்று படம் போடுவது எல்லாவற்றிலும் மோசம், யாரைச் சொன்னது என்று ஹோல் முழுக்க அன்றைக்குக் கதை நடக்கும்.

உங்களிடம் வந்து நின்று பேசுகிறவர்கள் இன்னொரு வகை. நம் பக்கம் ஹெட்போன் மாட்டியிருந்தால் "தொந்தரவு செய்யாதே" என்று யாரும் எடுப்பதில்லை, தோளில் தட்டுவார்கள். அக்கா ஒருவர் கோப்போடு வந்தால் முகத்தைத் திருப்பாமல், "அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம். இத முடிச்சிட்டு மறுகா நானே வாறன்" என்று சொல்லி, உண்மையாகவே போங்கள். போகாவிட்டால் அடுத்த தடவை நம்ப மாட்டார். பொறுப்பதிகாரி கூப்பிட்டால் அஞ்சு நிமிஷம் கேட்க முடியாது, எழும்பத்தான் வேண்டும். எழும்பு முன் செய்து கொண்டிருந்ததன் அடுத்த அடியை ஒரு வரியில் எழுதிவிட்டு எழும்புங்கள்: "பக்கம் 4, மூன்றாவது கூட்டுத்தொகை பார்க்கவும்." திரும்பி வந்து எங்கே விட்டோம் என்று தேடுகிற நேரம்தான் ஒரு நாளில் கூடுதலாக வீணாவது.

6. ஹோலில் சிறு மாற்றங்கள்

கூட்டாளிகள் இரண்டு பேர் சேர்ந்தால் செய்யக்கூடியவை இவை.

வெறும் ஹோல் எதிரொலிப்பதற்குக் காரணம் சத்தத்தைக் குடிக்கிற பொருள் ஒன்றும் இல்லாதது. ஹாவர்டில் வாலஸ் சபைன் 1895 தொடங்கி ஒரு விரிவுரை மண்டபத்தில் இதை ஆராய்ந்தார். பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து ஒவ்வொன்றாகப் போட்டு, எதிரொலி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளந்தார். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. நமக்கு மெத்தையின் இடத்தில் மருதமுனைக் கைத்தறித் துணி இருக்கிறது. திரைச்சீலை தைப்பதானால் தடித்த துணியில், யன்னல் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு எடுத்து, மடிப்பு விழத் தைப்பியுங்கள். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் விலகித் தொங்கினால் இன்னும் நல்லது. மெல்லிய நெட் துணி கொசுவுக்கு மட்டும்தான்.

தும்பு மெத்தைத் துண்டுகளைத் துணியால் மூடி, பேசுகிறவருக்கு எதிர்ச் சுவரில் மாட்டலாம். நீரூற்றிக் கழுவும் தரையில் பாய் விரிப்பது சரிவராது, மெல்லிய பன்பாய் சத்தத்தையும் பெரிதாகக் குடிக்காது. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பேச்சுச் சத்தத்துக்கு அது கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது, தீப்பிடிக்கும், பல்லி குடியேறும்.

தடுப்பு வைப்பதானால் உட்கார்ந்திருப்பவர் தலையைவிட உயரமாக வையுங்கள். மேசையிலிருந்து ஒரு முழம் நிற்கும் கண்ணாடித் துண்டு முகத்தைக்கூட மறைக்காது. பழைய கோப்பு நிறைந்த இரும்பு றாக்கையை இரண்டு பகுதிக்கு நடுவில் நகர்த்தினால் அதைவிட உருப்படியாக இருக்கும்.

7. இப்போது ஹெட்போன்

சத்தம் நீக்கும் ஹெட்போன் ஃபேன், ஏசி, ஜெனரேட்டர் மாதிரித் தாழ்ந்த சீரான இரைச்சலைத்தான் நன்றாக வெட்டும். மனிதக் குரலை அந்த அளவுக்கு வெட்டாது. சில சமயம் ஃபேன் மறைந்து பேச்சு மட்டும் துல்லியமாக மிஞ்சும். ஹெட்போனைக் கடைசிக்கு முந்திய படிக்குத் தள்ளியது இதனால்தான், முதல் சம்பளத்தை அதில் கொட்ட வேண்டாம். பார்மசியில் கிடைக்கும் ஸ்பொஞ்ச் காதடைப்பான் மிக மலிவு, பேச்சுக்கும் உதவும். உருட்டி மெல்லியதாக்கி, காதுமடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட வேண்டும். வாசலில் செருகி வைத்தால் பயனில்லை.

பாட்டுக் கேட்பதானால், எழுதும் வேலைக்குச் சொல் உள்ள பாட்டு வேண்டாம். அதுவும் பேச்சுத்தான். நாதஸ்வரம், வீணை, மழைச் சத்தம், எதுவோ ஒன்று, மெதுவாக. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபெல்லுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. ஒரு காதைத் திறந்தே வையுங்கள். "சேர் மூண்டு தரம் கூப்பிட்டார்" என்று யாராவது சொல்லிக் கேள்விப்படுவது நல்லதல்ல.

8. மேலே கொண்டுபோவது

மூன்று மாதம் போன பிறகு, உங்கள் வேலை நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, ஒரே ஒரு கோரிக்கையோடு போங்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது கோல் அறை. வாடகை வீட்டில் பழைய குசினியோ சாமான் அறையோ கட்டாயம் இருக்கும், அதில் உடைந்த கதிரையும் பழைய பதாகையும் அடைந்து கிடக்கும். அதைத் துப்புரவாக்கி, ஒரு ஃபேன், ஒரு பிளக் பொயின்ற், ஒரு கதிரை, கதவில் "கோலில் இருக்கிறேன்" என்று திருப்பும் அட்டை. செலவு அநேகமாக இல்லை. துப்புரவாக்கும் வேலையை நீங்களே சனிக்கிழமை செய்வதாகச் சொல்லுங்கள்.

"எல்லாரும் ஒரே ஹோலில் இருந்தால்தானே ஒற்றுமையாக வேலை நடக்கும்" என்று முகாமையாளர் சொன்னால், 2018இல் வந்த ஹாவர்ட் ஆய்வு ஒன்றைச் சொல்லலாம். இரண்டு பெரிய அமெரிக்கக் கம்பனிகள் திறந்த அமைப்புக்கு மாறிய பிறகு ஆட்கள் நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்தது, மின்னஞ்சல் கூடியது. ஆனால் இதை வாதமாக வைக்காமல் பேச்சுவாக்கில் சொல்லுங்கள். ஆய்வைவிட அவருக்கு விளங்குவது, முன் மேசைக் கோலால் போன மாதம் எந்தப் பட்டியல் இரண்டாம் தடவை அடிக்க வேண்டி வந்தது என்பதுதான். முதல் வாரம் எழுதிய அந்தத் துண்டுக் கடதாசியைக் கையில் கொண்டு போங்கள்.

அறை கிடைத்து ஆட்கள் அதைப் பாவிக்கத் தொடங்கிய பிறகு திரைச்சீலையைக் கேளுங்கள். ஃபேன் திருத்த ஆள் வரும் நாளில் ஜெனரேட்டரை மதிலுக்கு அந்தப் பக்கம் நகர்த்த முடியுமா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், எப்படியும் வயர் வேலை தெரிந்த ஆள்தானே வருகிறார்.